பாடும் மீன் தெரியும், அழும் செடி தெரியுமா?

மட்டக்களப்பு என்றதும் வாயில் வருவது என்ன? பாடும் மீன்! முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடி வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்தால் கேட்குமே ஓர் ஓசை, அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோம். படவேண்டியதுதான். ஆனால் அதே வாவியைத் தாண்டி மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், மாரி வெள்ளம் வடிந்த ஒரு குளத்தோரத்து ஈர மணலில் முழங்கால் ஊன்றிக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு செடி அழுதுகொண்டிருக்கும். நடுப்பகல் வெயிலிலும் அந்தக் கண்ணீர் காயாது. அதில் காலை வைத்த பூச்சி வீடு திரும்பாது. செடி அதைத் தின்றுவிடும்!

ஆம், செடி பூச்சியைத் தின்னும்!

நான் அதை முதன்முதலில் கண்டது சிறுவயதில், ஒரு தை மாதக் காலையில். பெத்தாவோடு (பாட்டியோடு) வயல் வட்டைக்குப் போய்த் திரும்பும் வழி. மணி பத்தைத் தாண்டிவிட்டது, புல்லில் இருந்த பனியெல்லாம் காய்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் தரையோடு தரையாகச் சிவப்புப் பொட்டுகள் மினுங்கின. “பெத்தா, இதில மட்டும் ஏன் பனி காயல்ல?” என்று கேட்டேன். “அது பனி இல்ல மனே, அழுகண்ணி” என்றார். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து இன்றுவரை எனக்கு அந்தச் செடிமேல் உள்ள பித்துத் தெளியவில்லை.

பெயரைப் பாருங்கள்! அழுகின்ற கண்ணை உடையவள், அழுகண்ணி. சிங்களத்தில் இதன் இனங்களில் ஒன்றுக்கு ‘கந்துளெஸ்ஸ’ என்று பெயர். கந்துளு என்றால் கண்ணீர்! அதே செடியின் உறவுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘சூரியப் பனி’. அவர்கள் பனியைக் கண்டார்கள். இந்தத் தீவின் இரண்டு மொழிக்காரரும் கண்ணீரைக் கண்டார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், இது என்னைத் தூங்கவிடாத விஷயம். சித்த வைத்தியத்தில் அழுகண்ணியைத் தனியாகச் சொல்லமாட்டார்கள். அழுகண்ணி, தொழுகண்ணி என்று சோடியாகத்தான் சொல்வார்கள். இரண்டும் காயகற்ப மூலிகைகள் என்பது மரபு. தொழுகண்ணி என்று பலரும் காட்டுவது, பக்கத்துச் சிற்றிலைகள் தாமாகவே ஏறி இறங்கும் ஒரு செடியை. கைகூப்பித் தொழுவது போன்ற அசைவு. இப்போது இங்கிலாந்துக்குப் போங்கள். சார்ல்ஸ் டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பெரும்பகுதி அழுகண்ணியின் ஐரோப்பிய உறவைப் பற்றியது. ஐந்து ஆண்டு கழித்து, 1880இல், தாவரங்களின் அசைவைப் பற்றி இன்னொரு நூல். அதில் தொழுகண்ணியின் சிற்றிலை அசைவு வருகிறது! நம் வைத்தியர்கள் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு செடிக் குடும்பங்களும் அந்த மனிதரின் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் தொடர்பே கிடையாது. அசையாதது என்று நினைத்த ஒன்று அசைவதைக் கண்டு வியந்த கண்கள் மட்டும் ஒன்று. (எது உண்மையான அழுகண்ணி என்பதில் வைத்தியர்களுக்குள் வழக்கு உண்டு, உவர்நிலத்தில் படரும் வேறொரு செடியையும் சிலர் அந்தப் பெயரால் அழைப்பார்கள். ஆகவே பெயரை நம்பி எதையும் பிடுங்கி அரைத்துக் குடிக்கவேண்டாம்.)

நம் தாழ்நிலத்தில் இரண்டு அழுகண்ணிகள் உண்டு. ஒன்று தரையோடு ஒட்டிய சக்கரம்: ஐந்து ரூபாய்க் குத்தி அளவுதான் இருக்கும், கரண்டி போன்ற இலைகள், வெயில் ஏற ஏறச் செம்மை கூடும். இதன் அறிவியல் பெயர் டுரோசெரா பர்மானி. மற்றது நெட்டையாக எழும்புவது, ஊசி போல் நீண்ட இலைகள், இளஞ்சிவப்புப் பூ. அது டுரோசெரா இண்டிகா. அதன் இளம் இலை சுருண்ட நூல்போல் வந்து மெல்ல மெல்ல அவிழும். முதல் செடியின் பெயரில் உள்ள பர்மன் யார் தெரியுமா? ஆம்ஸ்ரடாமைச் சேர்ந்த யொஹான்னஸ் பர்மன். 1737இல் இலங்கைத் தாவரங்களுக்கென்றே ‘தெசௌரஸ் சைலானிக்கஸ்’ என்ற நூலை வெளியிட்டவர். அதற்கும் முன்னால், 1670களில், ஒல்லாந்துக் கம்பனியின் வைத்தியராக இங்கே வந்த பவுல் ஹெர்மன் சேர்த்து எடுத்துப்போன உலர்ந்த செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் தன் இலங்கைத் தாவர நூலையே எழுதினார். புளியந்தீவுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. அவர்கள் கறுவாவுக்கும் மிளகுக்கும் கணக்கு எழுதினார்கள். அவர்களோடு வந்த ஒரு வைத்தியர் புல்பூண்டுக்குக் கணக்கு எழுதினார். எனக்கு அந்தக் கணக்குத்தான் பெரிது.

சரி, ஏன் ஒரு செடி பூச்சியைத் தின்னவேண்டும்? பசியா? அங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறோம். உணவை அது வெயிலில் இருந்து தானே சமைத்துக்கொள்கிறது, வாழையும் தென்னையும் செய்வதுபோல. அதற்கு இல்லாதது நைதரசனும் பொசுபரசும். மழை அலசி அலசி வெளுத்துப்போன மணலில் அவை எங்கே கிடைக்கும்? நாம் வயலுக்கு யூரியா போடுகிறோம். அழுகண்ணிக்கு யூரியா பறந்து வருகிறது, சிறகோடு!

இப்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அருகே வாருங்கள். ஓர் இலை. அதன் முகம் முழுக்கச் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சின்ன உருண்டை, அந்த உருண்டையைச் சுற்றி ஒரு கண்ணாடித் துளி. வெயில் பட்டால் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டி வானம் தலைகீழாகத் தெரியும். பழத்தை மொய்க்கும் ஒரு கொசு வந்து அமர்கிறது. தேன் என்று நினைத்திருக்கும். ஒரு கால் ஒட்டுகிறது. இழுக்கிறது, துளி நூலாக நீள்கிறது, அறுவதில்லை. மற்றக் காலை ஊன்றி உதைக்கிறது, அதுவும் ஒட்டுகிறது. சிறகடிக்கிறது, சிறகும் போயிற்று. அதற்குள் இலையின் ஓரத்தில் நின்ற நீண்ட மயிர்கள் குனியத் தொடங்கிவிட்டன. நம்மூர்ச் சக்கர அழுகண்ணியின் ஓர மயிர்கள் குனிந்து பூச்சியை நடுவுக்குத் தள்ளச் சில வினாடிகள் போதும்! கண்முன்னே நடக்கும். செடியொன்று கையை மடக்குவதை வெறுங்கண்ணால் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். கொசுவின் மூச்சுத் துளைகளைப் பசை அடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு அதே மயிர்களில் இருந்து சமிபாட்டுச் சாறு சுரக்கும். சில நாளில் மயிர்கள் மீண்டும் நிமிரும். இலையில் எஞ்சுவது ஒரு வெற்றுக் கூடு. காற்று அதைத் தட்டிவிட்டுப் போகும்.

இதைவிட வேகம் உண்டா என்று கேட்டால், உண்டு! அவுஸ்திரேலியாவில் ஓர் அழுகண்ணி இனம் இருக்கிறது. அதன் ஓரத்து மயிர் பூச்சியைக் கவண்கல் போல் தூக்கி இலை நடுவே எறிந்துவிடும். அது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நடப்பதை 2012இல் வேகக் கமராவில் பிடித்தார்கள். உலகில் ஏறத்தாழ 250 அழுகண்ணி இனங்கள் உண்டு, அந்தாட்டிக்காவைத் தவிர எல்லாக் கண்டத்திலும்.

டார்வினிடம் திரும்புவோம், அவர் செய்தது சின்ன வேலையா! 1860 கோடையில் சசெக்ஸ் மாவட்டத்துப் புதர்வெளி ஒன்றில் இந்தச் செடியின் இலைகளில் பூச்சிகள் ஒட்டிச் செத்துக்கிடப்பதைக் கண்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய பெரும்நூல் வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உலகம் முழுக்க அதைப் பற்றியே சண்டை. இவரோ ஒரு புல்லின் இலைக்கு இறைச்சித் துண்டும், பாலும், கண்ணாடித் துணுக்கும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்! உலகத்து உயிரினங்களின் தோற்றம் எல்லாவற்றையும்விட இந்தச் செடியில்தான் தனக்கு இப்போது அக்கறை அதிகம் என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். ஒரு மனிதத் தலைமயிரில் இருந்து வெட்டிய துணுக்கு, எடை 0.000822 மில்லிகிராம், அதை ஒரு மயிர்நுனியில் வைத்ததும் அது அசைந்தது. நம் நாக்கில் வைத்தால் தெரியுமா அது? நகக்கண்ணில்? எதிலும் தெரியாது. அந்தச் செடிக்குத் தெரிந்தது.

இப்போது இதைக் கேளுங்கள். அவ்வளவு நுண்ணிய தொடுகையை உணரும் அதே மயிர், மழைத்துளி வந்து மொத்தினால் அசையாது! டார்வினே தண்ணீர்த் துளிகளை உயரத்தில் இருந்து விழவிட்டுப் பார்த்தார். செடி சும்மா இருந்தது. கார்த்திகை மாத மழையில் நம்மூர்க் கூரையில் விழும் அடியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துளிக்கும் கையை மடக்கினால் அது எப்போது பூச்சி பிடிப்பது? மழையைத் தெரியும் அதற்கு. பூச்சியையும் தெரியும்.

எப்படித் தெரிகிறது? தொட்ட மயிரில் மின் துடிப்பு ஓடுகிறது, நம் நரம்பில் ஓடுவதைப் போன்ற ஒன்று. நரம்பே இல்லாத உடம்பில்! அடுத்து இலைக்குள் ஒரு வேதிப்பொருள் கூடுகிறது. அதன் பெயர் யாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது பாருங்கள். இந்தக் குடும்பத்துப் பொருள் முதலில் அறியப்பட்டது மல்லிகை எண்ணெயில்தான். மற்றச் செடிகளில் இதன் வேலை என்ன? புழு இலையைக் கடித்தால் ‘கடிக்கிறான், கடிக்கிறான்’ என்று உடம்பு முழுக்கச் சேதி சொல்லி எதிர்ப்பைத் தயாராக்குவது. உங்கள் வீட்டுக் கத்தரியிலும் அதுதான் நடக்கிறது. பூச்சிக்குப் பயந்து அடிக்கும் அந்த அபாய மணியையே அழுகண்ணி தன் சாப்பாட்டு மணியாக்கிக்கொண்டது!

சிலந்தியோடு அதற்குப் போட்டி உண்டு என்பதும் தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடாவில், தரையில் வலை பின்னும் ஒரு சிலந்தியும் அங்கத்து அழுகண்ணியும் ஒரே பூச்சிகளுக்காக மோதுகின்றன என்று 2010இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். செடி நெருங்கி நின்ற இடத்தில் சிலந்தி பெரிய வலையாகப் பின்னியது. சிலந்தியால் பட்டினி கிடந்த செடி, ஒட்டும் மயிரைக் கூட்டிக்கொண்டது. விலங்கும் செடியும் ஒரே பந்தியில் இடம்பிடிக்கச் சண்டை! இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐரோப்பாவில் ஓர் அந்துப்பூச்சியின் புழு, பசைத்துளியை முதலில் உறிஞ்சிக் குடித்துவிட்டு, பிறகு ஆயுதம் இழந்த மயிரையும் இலையையும் தின்கிறது.

குளத்துப் பக்கம் போனால் இன்னொரு வேட்டைக்காரரையும் பார்க்காமல் வரக்கூடாது. நீருக்குள் பஞ்சுபோல மிதக்கும் கொடி, மேலே மஞ்சள் பூ மட்டும் தலைநீட்டும். அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பைகள். வாயருகே உள்ள மயிரை நீர்ப்பூச்சி தொட்டால் கதவு திறந்து, உறிஞ்சி, மூடிவிடும், கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்தில்! நீரை அளைந்துபோகும் எருமைக்கன்று அதை மிதித்துக்கொண்டு தாமரைக்குப் போகும். தெற்கே சிங்கராசக் காட்டுக்குப் போனால் ‘பந்துர’ என்கிற குடுவைச் செடி. குடம் கட்டித் தொங்கவிட்டு எறும்பை வழுக்கவிடும். ஆனால் இன்றைக்கு நம் பேச்சு அழுகண்ணி. அதுவும், அதை விதையில் இருந்து எழுப்புவது.

விதையா? ஒரு தூசி! கடுகை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கடுகு பூசணிக்காய் மாதிரி இருக்கும். கறுப்புத் தூள், அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மாசி, பங்குனியில் பூத்தண்டு காய்ந்து பழுப்பாகும்போது அதன் கீழே ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து மெல்லத் தட்டினால் மிளகுத்தூள் போலக் கொட்டும். (அந்தத் தண்டு ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா? பூவைப் பொறியில் இருந்து தூக்கிப் பிடிக்கத்தான் என்பார்கள். மகரந்தம் கொண்டுவரும் விருந்தாளியையே தின்றுவிட்டால் என்னாவது! போதாததற்கு, விருந்தாளி வராவிட்டால் பூ தன்னைத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும்.) செடியைப் பிடுங்கவேண்டாம், தயவு செய்து. பிடுங்கி வந்த செடி சட்டியில் வாடி இறப்பதைத்தான் பார்ப்பீர்கள். ஒரு சிட்டிகை விதை போதும், மிச்சம் மணலுக்கே உரியது.

என் முதல் விதைப்பு எப்படி முடிந்தது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதையேதான் செய்வார்கள். நாற்றுமேடை ஒன்றில் வாங்கிய நல்ல கறுப்பு மண், எருவெல்லாம் கலந்தது. அதில் விதைத்து, மேலே கொஞ்சம் மண் தூவி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை மேலே மண் தூவாமல் விட்டேன். பச்சைப் புள்ளிகள் வந்தன! பத்தே நாளில் ஒவ்வொன்றாய்க் கறுத்துப்போயின. அழாத குறை.

மூன்று பிழை. ஒன்று, அந்தத் தூசி விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். புதைத்தால் முடிந்தது, மண்ணின் மேல் சும்மா கிடக்கவேண்டும். இரண்டு, எரு. தரிசு மணலுக்குப் பழகிய வேர் அது, உரம் பட்டால் வெந்துபோகும். நாம் அன்பு என்று நினைத்துக் கொடுப்பது அதற்கு நஞ்சு. மூன்று, தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கீற்று மணலில் இருக்கிறோம். 56 கிலோமீட்டர் நீளத்துக்குப் பக்கத்தில் உவர்நீர். இந்த எழுவான்கரைக் கிணறுகளில் கோடையில் நாக்கில் பட்டாலே தெரியும் உப்பு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த பிறகு எத்தனை கிணறுகளை இறைத்து இறைத்துக் கழுவினோம் என்பது இங்கே யாருக்கும் மறக்காது. அந்த உப்பு, நமக்குத் தெரியாத அளவில் இருந்தாலும், அழுகண்ணிக்குத் தெரியும்.

ஆகவே மழைத்தண்ணீர், அது ஒன்றுதான்! முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடவேண்டும். கடற்காற்று ஓட்டில் பூசிய உப்பெல்லாம் போகட்டும். பிறகு பீலியில் வடிவதை மூடியுள்ள பரலில் பிடித்து வைத்தால் (மூடி முக்கியம், நுளம்புக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுக்கக்கூடாது) அடுத்த சித்திரைவரை வரும். மண்ணுக்குப் பதில் ஆற்றுமணலும் தும்புச்சோறும் பாதிக்குப் பாதி. வெளிநாட்டில் பீட் என்கிற சதுப்பு மண்ணைப் போடுவார்கள். நமக்குத் தும்புச்சோறு போதும், ஆனால் அதிலும் உப்பு ஒளிந்திருக்கும். மழைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழி, மறுபடி ஊறவை, மறுபடி பிழி, குறைந்தது நான்கைந்து தடவை. கடற்கரை மணலைத் தொடவே கூடாது. சாடிக்குச் சிரட்டை! அடிக்கண்ணைத் திறந்துவிட்ட சிரட்டையை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேலிருந்து ஊற்றினால் விதை மிதந்து ஓரத்துக்குப் போய்விடும், கீழிருந்துதான் குடிக்கவிடவேண்டும். வெட்டிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மேலே கவிழ்த்து வைத்தால் ஈரம் நிற்கும்.

ஐப்பசியில் விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு காலை... வந்துவிடும்! குண்டூசித் தலையில் பாதி இருக்கும். முதல் இரண்டு விதையிலைகள் வெறுமையாக இருக்கும். அதற்கடுத்த முதல் உண்மையான இலையைக் கண்ணாடியில் பாருங்கள், பிறந்து சில நாளான அந்தக் குழந்தையின் உள்ளங்கையில் ஏழெட்டு மயிர், ஒவ்வொன்றிலும் ஒரு துளி. பிறக்கும்போதே வேட்டைக்காரன்! மண்ணில் துள்ளும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அப்போதே பிடிக்கத் தொடங்கிவிடும். முளை கண்டதும் போத்தலை மெல்ல மெல்லத் திறந்து, வெயிலுக்குப் பழக்கவேண்டும். நல்ல வெயில் கண்டால்தான் செம்மை, வெயில் கண்டால்தான் கண்ணீர். நிழலில் வைத்தால் பச்சையாய்ச் சோம்பிக் கிடக்கும், துளியே வராது.

சாப்பாடு ஊட்டலாமா? வெளியே வைத்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஊட்டினால் என்ன ஆகும் என்பதை டார்வினின் மகன் பிரான்சிஸ் 1878இலேயே சோதித்து எழுதிவிட்டார். ஒரே தட்டில் வளர்ந்த செடிகளில் பாதிக்கு மட்டும் இறைச்சித் துணுக்கு. அந்தப் பாதி, மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விதை கொடுத்தது! எடையில் மூன்று மடங்கையும் தாண்டியது. அதுவரை ‘பூச்சி தின்பதால் செடிக்கு ஒரு நன்மையும் இல்லை’ என்று வாதிட்டவர்களுக்கு அது ஒரு பதில். நான் மீன்தொட்டிக்குப் போடும் தீனியை நுணுக்கி, ஈர்க்கு நுனியில் தொட்டு வைப்பேன், ஓர் உப்புத் துகள் அளவு. அதிகம் வைத்தால் இலை அழுகும்.

இப்போது வருகிறது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாளும் அழுகண்ணி வளர்க்கிறாள். அங்கே உள்ளது வட்ட இலை இனம், டார்வின் பார்த்த அதே செடி. அல்கொன்குயின் பூங்காவின் சதுப்பு நடைபாதையில் பலகை ஓரமாகவே நிற்குமாம். அதன் விதையைச் சும்மா விதைத்தால் முளைக்காது. ஈரப் பாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு வாரமாவது வைக்கவேண்டும். குளிர்காலம் ஒன்று கழிந்தது என்று விதை நம்பினால்தான் கண் விழிக்கும்! வளர்ந்த செடியும் இலையுதிர்காலத்தில் இலைகளையெல்லாம் கைவிட்டு, நடுவே இறுக்கிச் சுருட்டிய ஒரு பச்சை மொட்டாகிவிடும். பனி மூடும், உறையும். வசந்தத்தில் அந்த மொட்டு அவிழும்.

நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் புல்வெளியில் நிற்கும் மலை அழுகண்ணியின் வழி வேறு. மண்ணுக்குள் ஒரு குட்டிக் கிழங்கு. காலம் கெட்டால் மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிட்டுக் கிழங்குக்குள் போய்ப் படுத்துவிடும்.

மட்டக்களப்பில் உறைபனியும் இல்லை, நம் செடிக்குக் கிழங்கும் இல்லை. என்ன செய்கிறது? இங்கே ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரை பிறந்தால் நிலம் வெடிக்கும். வைகாசியில் கச்சான் எழும்பும், மேற்கே இருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றுக்கு ஈரச்சேலை அரை மணி நேரத்தில் காயும். அழுகண்ணி அதை எதிர்த்து நிற்பதே இல்லை. கச்சானுக்கு முன்னாலேயே பூத்து, காய்த்து, உதிர்த்து, செத்துவிடும்! ஓர் ஆயுளை நான்கைந்து மாதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது. மச்சாளின் செடி மொட்டாகிக் குளிரைத் தூங்கிக் கழிக்கிறது, நம் செடி விதையாகிக் கோடையைத் தூங்கிக் கழிக்கிறது. கோடைதான் அதன் குளிர்காலம். நெட்டை அழுகண்ணியின் விதைக்கு அந்தக் காய்ச்சல் வேண்டும் என்றே வளர்ப்பவர்கள் சொல்வார்கள். சுடச்சுடக் காய்ந்து கிடந்தால்தான் பிறகு மழைக்கு நன்றாக எழும்பும்.

நம் வட்டைகளில் புழுதி விதைப்புப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மழை பிழைத்தால் எல்லாம் போயிற்று, மழை வந்தால் வட்டை முழுக்கப் பச்சை. மாரியை நம்பிப் புழுதியில் விதையை எறியும் இந்த வித்தையை, வட்டை ஓரத்து மணலில் ஒரு செடி நம் முன்னோர் நெல்லோடு வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்திருக்கிறது!

அந்த மணலுக்குத்தான் இப்போது பயம். பள்ளத்தை நிரப்பி மதில் கட்டுகிறோம். வயலில் போட்ட உரம் வடிந்து குளத்தோரத்துக்கு வருகிறது. உரம் வந்தால் புல் செழிக்கும், செழித்த புல் இந்த ஐந்து ரூபாய்க் குத்தியை மூடிவிடும். வெட்டவோ எரிக்கவோ வேண்டாம், நிழல் விழுந்தாலே அது போய்விடும். பெத்தா காட்டிய இடத்தில் இன்று ஒரு செடியும் இல்லை. வேறு ஓரிடத்தில் உண்டு. எங்கே என்று எழுதமாட்டேன்.

போன வருடம் பங்குனிக் கடைசியில் என் சிரட்டைச் செடிகள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தன. இலை கறுத்துச் சுருங்கி, தண்டு மட்டும் துரும்பாய் நின்றது. சித்திரை வருடப்பிறப்புக்கு வீடு கூட்டிய பெரியம்மா, செத்த செடி எதற்கு என்று சிரட்டைகளைத் தூக்கிக் கிணற்றடிக்குப் பின்னால் எறிந்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது இரண்டு கவிழ்ந்து கிடந்தன, ஒன்று மட்டும் சரிந்து மணலோடு இருந்தது. எடுத்து வேலியோரம் வைத்தேன். ஆறு மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கச்சான் அதன்மேல் அடித்தது, கோழி கிண்டியது, பூவரசம் இலை விழுந்து மூடியது.

ஐப்பசி பிறந்து மழை இறங்கியது. மூன்றாம் கிழமை பெரியம்மா கிணற்றடியில் இருந்து கூப்பிட்டார். “மகன், உன்ர சிரட்டையில என்னவோ மினுங்குது, வந்து பாரு!” ஓடிப்போய் இலையை விலக்கினேன். முப்பத்தேழு. எண்ணினேன், இரண்டு தரம் எண்ணினேன். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, என் பூதக்கண்ணாடியை வாங்கி, மூச்சைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.